சூரியன் பக்கமிருந்து எதுவும் வரவில்லை

தென்துருவ ஆய்வு நிலையம்
14 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கௌதமன் எழுதுவது. கடைசி விமானம் இன்று மதியம் கிளம்பிப் போய்விட்டது. இனி நவம்பர் வரை, இந்த மாதிரி ஈமெயிலும் போனும் தவிர, இங்கே எதுவும் வராது, இங்கிருந்து எதுவும் போகாது. நாற்பது சொச்சம் பேர் இருக்கிறோம். வெளியே மைனஸ் நாற்பது டிகிரி. உள்ளே அரைக்கைச் சட்டையோடுதான் உட்கார்ந்திருக்கிறேன், கவலைப்பட வேண்டாம்.

கிளம்பும்போது போனில் பாதி சொன்னதை இப்போது முழுதாகச் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் கடைசி வரை அப்பாவைப் பற்றி எனக்கு எதுவும் எழுதாதீர்கள். நானும் கேட்க மாட்டேன். கெட்டதை மட்டும் மறைத்தால், நல்லது வராத வாரத்தில் எனக்குத் தெரிந்துபோகும். அதனால் நல்லதும் வேண்டாம். டயாலிசிஸ், டாக்டர், சாப்பாடு, தூக்கம் எதுவும் வேண்டாம். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலிருந்தும் வெளியே வந்துவிட்டேன். போன குளிர்காலத்தில் இங்கிருந்த ஒருவருக்கு நடுவில் வீட்டிலிருந்து ஒரு செய்தி வந்ததாம். அவரால் போகவும் முடியவில்லை, இங்கே வேலை செய்யவும் முடியவில்லை. தெரிந்தாலும் வர முடியாத இடத்தில் தெரிந்து என்ன செய்வது?

இது நானாகக் கிளப்பிய கிறுக்குத்தனம் இல்லை. எங்கள் தொழில் வழக்கமே இதுதான். எதைத் தேடுகிறேன் என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் மழுப்பியிருக்கிறேன், இப்போது கேளுங்கள். இன்றைக்கு இருக்கிற துகள் கோட்பாடு கெட்டிக்காரத்தனமானது. சொன்னதெல்லாம் பலித்திருக்கிறது. ஆனால் பிரபஞ்சத்தின் எடையில் பெரும்பகுதி எதனால் ஆனது என்று கேட்டால் கையை விரித்துவிடும். அதை நீட்டிப் பார்த்தவர்கள், நமக்குத் தெரிந்த ஒவ்வொரு துகளுக்கும் கனமான ஜோடி ஒன்று இருக்க வேண்டும் என்றார்கள். அந்த ஜோடிகளில் லேசான ஒன்று நியூட்ராலினோவாக இருக்கலாம். அது எதன் மேலும் மோதாமல் போய்க்கொண்டே இருக்கும். எப்போதாவது சூரியனுக்குள் சிக்கித் தங்கிவிடும். அங்கே இரண்டு சந்தித்தால் இரண்டும் அழிந்து, நியூட்ரினோ என்ற வேறு துகள் வெளியே வரும். அதில் ஒன்றிரண்டு இங்கே பனிக்கட்டிக்குள் மோதினால் சின்னதாக நீல வெளிச்சம் தெரியும். அதைப் பிடிக்கத்தான் இரண்டரை கிலோமீட்டர் ஆழத்துக்குக் குழி போட்டுக் கருவிகளை இறக்கியிருக்கிறார்கள்.

வெளிச்சம் நிறைய வரும். எது சூரியன் பக்கமிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. அந்தத் திசையை நாங்களே வேண்டுமென்று கலைத்து மறைத்துவிடுவோம். எப்படி எண்ணப் போகிறோம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகுதான் திறந்து பார்ப்போம். முன்னாலேயே பார்த்தால், மனசு எதற்கு ஆசைப்படுகிறதோ அதுதான் கண்ணில் படும். பெட்டியை மூடி வைப்பது என்று சொல்வோம். முந்தைய குளிர்காலங்களில் சேர்ந்ததையெல்லாம் இந்த அக்டோபர் கடைசியில் திறக்கிறோம். நீங்களும் அப்போது திறந்தால் போதும். நவம்பரில் ஊருக்கு வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன்.

நலம் விசாரிக்காமல் ஒரு கடிதம் எழுதுவது சங்கடமாகத்தான் இருக்கிறது. மாமாவையும் பாப்பாவையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புத் தம்பி
கௌதமன்

*

மல்லசமுத்திரம்
2 மார்ச் 2025

அன்புத் தம்பிக்கு,

அக்கா நர்மதா ஆசியுடன் எழுதிக்கொள்வது. உன் நலத்தைக் கேட்கலாம் அல்லவா? அதற்குத் தடை ஒன்றும் போடவில்லையே. சளி பிடித்திருக்கிறதா, வயிறு ஒத்துக்கொள்கிறதா, எழுது.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாவது தடவையும் வந்தது. நீ ஒருவன் கண்ணை மூடிக்கொள்வாய், திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க இங்கே நான் ஒருத்தி. படித்தவன் போட்ட விதி, போட்டவனுக்கு வசதியாகத்தான் இருக்கும்.

அந்த ஜோடி விவகாரம் நன்றாகப் புரிந்தது. இத்தனை வருடமாக ஜாதகத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறீர்கள், பெண்ணை ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை. நம் ஊர்த் தரகர் ஒருத்தர் அப்படிச் செய்தால் செருப்பைக் கழற்றியிருப்பார்கள். உங்களுக்கு விமானமும் கொடுத்து சாப்பாடும் போடுகிறார்கள்.

உன் மாமா போர்வெல் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் இருக்கிறார். இரண்டு மாதம் ஆகும் என்றார், அப்படியென்றால் நான்கு மாதம் என்று அர்த்தம். பாப்பாவுக்கு முழுப்பரீட்சை வருகிறது. பூகோளத்தில் தென்துருவம் வந்தால் முழு மார்க் வாங்குவாள்.

அப்பாவிடம் உன் விதியைச் சொன்னேன். அதற்கு அவர் என்ன சொன்னார் என்பதை உனக்குச் சொல்லக்கூடாது. சரிதானே?

ஒப்புக்கொள்கிறேன் தம்பி. ஒப்புக்கொண்டால் மாற மாட்டேன் என்பது உனக்குத் தெரியும். ஆனால் போனில் கூப்பிடாதே. குரலை மறைக்க எனக்குத் தெரியாது, எழுத்தில் என்றால் சமாளித்துக்கொள்வேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

மல்லசமுத்திரம்
19 ஏப்ரல் 2025
(எழுதியது. அனுப்பவில்லை.)

தம்பி,

இதை உனக்கு அனுப்பப் போவதில்லை. உன்னிடம் பேசாமல் இருக்க முடியாததால் எழுதி, கம்ப்யூட்டரில் அப்படியே விட்டுவைக்கிறேன்.

இன்று அப்பாவை டயாலிசிஸ் முடித்துத் திருச்செங்கோட்டிலிருந்து கூட்டி வந்தேன். வாரம் மூன்று நாள், நாலு மணி நேரம் மெஷின். முடிந்து வெளியே வந்தால் பிழிந்துபோட்ட துணி மாதிரி இருக்கிறார். ஊரெல்லாம் போர் ஓட்டித் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் தண்ணீர்தான். அதற்கு மேல் குடித்தால் மூச்சு முட்டும். நாக்கு வறண்டு பேச்சே குழறுகிறது. ஐஸ் துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொள்வார்.

காரில் வரும்போது, "போதுஞ்சாமி. நிறுத்திக்கலாம்," என்றார்.

எதை என்று கேட்கவில்லை. தெரிந்தது. மெஷினை நிறுத்தினால் இரண்டு வாரம் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருக்கிறார். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

நம் தொழிலில் ஒரு முறை உண்டு, நினைவிருக்கிறதா? எழுநூறு அடியிலும் பாறைத்தூள் புகைதான் வருகிறது, மண் ஈரமே இல்லை, அங்கே தண்ணீர் இல்லை என்று ரிக் ஆட்களுக்குத் தெரியும். ஆனாலும் நிறுத்தலாம் என்ற பேச்சு அவர்கள் வாயிலிருந்து வரக்கூடாது. சொன்னால், இன்னும் பத்து அடி போயிருந்தால் தண்ணீர் வந்திருக்கும் என்று தோட்டத்துக்காரர் ஆயுசுக்கும் பேசுவார். அவர் வாயால்தான் வர வேண்டும். அவரோ, இன்னும் நூறு அடி போடுங்க என்பார்.

அப்பா அதைத்தான் சொன்னார். "இது என்ற தோட்டம். நாந்தான் சொல்லோணும். சொல்லியாச்சு. நீ பாட்டுக்கு ஓட்டிக்கிட்டே இருக்கறயே."

"நவம்பர்ல தம்பி வந்துருவானுங்கப்பா. அது வரைக்கும் மட்டுங்க," என்றேன்.

வீடு வந்து சேர்ந்தோம். கார் கதவைத் திறந்து தோளைப் பிடித்து இறக்கும்போதுதான், "செரி. நவம்பர் வரைக்கும் ஓட்டு," என்றார்.

நூறு அடி கேட்டது நான். எத்தனை தோட்டத்துக்காரர்களை நாம் கேலி செய்திருப்போம்.

அக்கா

*

தென்துருவ ஆய்வு நிலையம்
5 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சளி இல்லை. வயிறு ஒத்துக்கொள்கிறது. சூரியன் மார்ச்சிலேயே இறங்கிவிட்டது, இனி செப்டம்பரில்தான் ஏறும். உலகத்துக்கு எல்லாம் சூரியன் இருந்தால்தான் வேலை, எங்களுக்கு அது மறைந்தால்தான். அடிவானத்துக்குக் கீழே போன பிறகு, அதன் பக்கமிருந்து வருவது எதுவானாலும் பூமியைத் துளைத்துக்கொண்டு கீழேயிருந்துதான் வரவேண்டும். மற்ற குப்பையெல்லாம் மேலேயிருந்து வரும். பிரித்துப் பார்க்க அதுதான் நல்ல காலம்.

என் வேலை பெரிதாக ஒன்றுமில்லை. கம்ப்யூட்டர்கள் நிற்காமல் ஓடுகின்றனவா என்று பார்ப்பது. நின்றால் மணி அடிக்கும், ஓடிப்போய் அதை எழுப்ப வேண்டும். போன வாரம் அறையில் சிரிப்புப் படம் போட்டார்கள். எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று தெரிந்தது, சிரிப்பு வரவில்லை. எல்லோருக்கும் அப்படித்தானாம், இருட்டு வந்து இரண்டு மாதத்தில் இப்படி ஆகிவிடுமாம். சோறு சோறாகத்தான் இருக்கிறது, ருசி தெரியவில்லை. வலி இல்லை, பயமும் இல்லை. ஊசி போட்ட பல் மாதிரி இருக்கிறேன், அவ்வளவுதான்.

உங்கள் தரகர் நக்கலை இங்கிலீஷில் மாற்றிச் சொன்னேன். ஒரு ஜெர்மன்காரர் மட்டும் சிரித்தார். பெண் கிடைக்காவிட்டாலும், இந்தத் தெருவில் இல்லை, அடுத்த தெருவிலும் இல்லை என்று சொல்வதற்கே எங்களுக்குச் சம்பளம் என்று உங்களிடம் சொல்லச் சொன்னார்.

இந்த இடத்தில் ஒரு வரி எழுதி அழித்துவிட்டேன். என்ன வரி என்று உங்களுக்குத் தெரியும்.

மாமா ஊருக்கு வந்துவிட்டாரா? பாப்பா மார்க் என்ன?

அன்புத் தம்பி
கௌதமன்

*

மல்லசமுத்திரம்
11 ஜூன் 2025

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. வேலை அதிகம். சோறு ருசிக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். ஊறுகாய் கொடுத்தனுப்பினேனே, அதைத் திறந்தாயா, இல்லை அதற்கும் அக்டோபரா?

விதிக்கு உட்பட்ட செய்திகள் இவை. திருச்செங்கோட்டில் தேர் ஓடி முடிந்தது. பாப்பா பக்கத்து வீட்டு உண்ணாமலை அக்காவோடு போய்விட்டு வந்தாள், நான் போகவில்லை. இரண்டு நல்ல மழை பெய்தது. பாப்பா ஐந்நூறுக்கு நானூற்று ஐம்பத்தொன்று, தென்துருவம் கேட்கவே இல்லையாம். உன் மாமா வந்து பத்து நாள் இருந்துவிட்டு மறுபடியும் கிளம்பிவிட்டார். முருங்கை மரம் காற்றில் முறிந்து காம்பவுண்டு சுவர் மேல் சாய்ந்தது. வெட்டியாயிற்று.

இந்த வீட்டில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று தேடித்தேடி எழுத வேண்டியிருக்கிறது தம்பி. மரத்தைப் பற்றியாவது எழுத முடிந்ததே.

ஒரே ஒன்று கேட்கிறேன். இதைக் கேட்கத் தடை இல்லை. நவம்பரில் எந்தத் தேதி வருகிறாய்? குத்துமதிப்பாகச் சொன்னாலும் போதும். ஆனால் சொல்.

அக்கா

*

தென்துருவ ஆய்வு நிலையம்
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தேதி கேட்டிருந்தீர்கள். பதில் தள்ளிப்போனதற்குக் காரணம் உண்டு. நவம்பரில் வரவில்லை, பிப்ரவரி நடுவில் வருகிறேன்.

காரணத்தைக் கேட்டால் கோபப்பட மாட்டீர்கள். நவம்பரில் தொடங்கும் இந்த ஊர்க் கோடையில் இங்கே புதிதாகக் குழி போடப் போகிறார்கள். கனமான ஜோடிகள் இதுவரை வேறெங்கும் கிடைக்காததால், லேசானவையாக இருக்குமோ என்று தேட இன்னும் நெருக்கமாகக் கருவிகள் இறக்க வேண்டியிருக்கிறது. இரண்டரை கிலோமீட்டர் குழி அக்கா. துளைக்கிற பிட் கிடையாது, இடிக்கிற சுத்தி கிடையாது. கொதிக்கிற தண்ணீரைக் குழாயில் விட்டு பனிக்கட்டியை உருக்கிக்கொண்டே இறங்குவார்கள். இருந்து உதவி செய்ய முடியுமா என்று கேட்டார்கள். வேறு எவனாவது இந்த வாய்ப்பை விட்டுவிட்டுப் போகலாம், நாச்சிமுத்து மகன், ரிக் வீட்டுப் பையன் போகலாமா? முழுதாகப் படம் எடுத்து வந்து அப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்று ஆசை. இத்தனை வருடத்தில் என் வேலையில் அவருக்குப் புரிகிற மாதிரி ஒன்று நடப்பது இதுதான் முதல் தடவை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஏதாவது என்றால் நீங்கள் எப்படியும் 'வா' என்று எழுதியிருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் எழுதவில்லை, அதனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் வழக்கப்படி அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒன்றும் தெரியவில்லை என்பதும் ஒன்றும் இல்லை என்பதும் ஒன்றல்ல என்று வருகிற மாணவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பவன் நான். ஆனாலும் எடுத்துக்கொண்டு, சரி என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தம்பி
கௌதமன்

*

மல்லசமுத்திரம்
14 ஆகஸ்ட் 2025
(எழுதியது. அனுப்பவில்லை.)

தம்பி,

உன் கடிதம் வந்ததும், 'அப்பா உனக்காகத்தான் மெஷினுக்குப் போய்க்கொண்டிருக்கிறார், நவம்பரில் வந்துவிடு' என்று ஒரு வரி அடித்தேன். அனுப்புவதற்கு முன்னால் அவரையே கேட்டுவிடலாம் என்று போனேன். அந்த வரி அப்படியே நிற்கிறது.

இந்த நான்கு மாதம் எப்படிப் போயிற்று என்று உனக்குத் தெரியாது. மெஷினில் படுத்ததும் பிரஷர் இறங்கிவிடும். கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், நானும் நர்ஸும் ஆளுக்கொரு காலைப் பிடித்து நீவுவோம். குளிர் எடுத்துப் பல் கிட்டும், ஆகஸ்ட் வெயிலில் இரண்டு கம்பளி. ஊசி குத்துகிற கை வீங்கி, மற்ற கையிலும் இடமில்லாமல், கழுத்தில் குழாய் போட்டார்கள். ஒரு தடவைகூட வரமாட்டேன் என்று சொல்லவில்லை. போகும்போது மட்டும், "இப்ப என்ன மாசஞ் சாமி?" என்று கேட்பார். ஜூலைங்க என்பேன். தலையாட்டிவிட்டு ஏறி உட்காருவார்.

நேற்று உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். கொதிதண்ணீர் விட்டுக் குழி போடுவதைக் கேட்டதும் கண்ணைத் திறந்தார். "சுடுதண்ணியிலயா? குழி சரியாம இருக்கக் கேசிங் பைப்பு எறக்குவாங்களா?" என்றார். எனக்குத் தெரியவில்லை என்றேன். "பனிக்கட்டிக்கு எதுக்குக் கேசிங்கு? அதுவே கெட்டிதான்," என்று அவரே சொல்லிக்கொண்டார். ரொம்ப நாள் கழித்து அவர் முகத்தில் ஒரு களை வந்தது.

அவனுக்குச் சொல்லிவிடட்டுங்களா, நவம்பரிலேயே வந்துவிடுவான் என்று கேட்டேன். "வேண்டாம். பாதிக் குழியில வண்டியெடுத்துட்டு வரச் சொல்லாத. இருந்து பாத்துட்டு வரட்டும்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நவம்பருன்னுதான ஓட்டுன. அது இல்லீன்னு ஆயிப்போச்சு. இனி நிறுத்திக்கலாஞ் சாமி. அவன்ட்ட இதச் சொல்லாத," என்றார்.

நான் சரிங்கப்பா என்றேன். சொன்னதும் எனக்குள் ஏதோ ஒரு சுமை இறங்கியது. அப்பா போகப்போகிறார் என்று தெரிந்து ஒரு மகளுக்கு அப்படி இருக்கலாமா என்று தெரியவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. ரசம் வைத்தேன்.

பிறகு அவர் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டார். முழுச் சொம்பு. கொடுத்தேன். அண்ணாந்து குடித்தார், கழுத்தெல்லாம் வழிந்தது. இன்னொரு சொம்பு கேட்டார்.

இன்று மெஷினுக்குப் போகவில்லை.

அக்கா

*

மல்லசமுத்திரம்
16 ஆகஸ்ட் 2025

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கோபம் இல்லை. குழி போடுவதை இருந்து பார்த்துவிட்டே வா. கேசிங் இறக்குவார்களா என்று மட்டும் விசாரித்து எழுது.

இங்கே நல்ல வெயில். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

தென்துருவ ஆய்வு நிலையம்
26 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கௌதமன் வணக்கத்துடன் எழுதுவது. அப்பா நலமா? இந்த வார்த்தையை எழுதி எட்டு மாதம் ஆகிறது. அப்பா எப்படி இருக்கிறார்? கால் வீக்கம் வடிந்ததா? நன்றாகச் சாப்பிடுகிறாரா? நீங்கள் நலமா, மாமா நலமா, பாப்பா நலமா?

நேற்றுப் பெட்டியைத் திறந்தோம். சூரியன் பக்கமிருந்து எதுவும் வரவில்லை. மற்ற திசைகளில் எவ்வளவு வந்ததோ அவ்வளவுதான் அங்கேயும். கலைத்து வைத்தபோது எப்படி இருந்ததோ, திறந்த பிறகும் அப்படியே இருந்தது. பத்துப் பதினைந்து நாட்டுக்காரர்கள் ஆளுக்கொரு திரையில் உட்கார்ந்து பார்த்தோம். பிறகு ஒருவர், கணக்குச் சரியாக வந்திருக்கிறது என்றார். எனக்கு ஏமாற்றம்கூட வரவில்லை. போய் ஒரு டீ போட்டுக் குடித்தேன்.

அது இல்லவே இல்லை என்று இதற்கு அர்த்தம் கிடையாது. இருந்தாலும் இந்த அளவுக்கு மேல் சூரியனில் இல்லை என்று மட்டும் எழுதலாம். அப்படித்தான் எழுதுவோம். என் ஆறு வருடம் ஒரு கோடாக அதில் இருக்கும்.

கேசிங் கேட்டிருந்தீர்கள். கிடையாது, பனிக்கட்டியே போதுமான கெட்டி. உங்களுக்கு எதற்கு அது என்று அப்போதே ஆச்சரியமாக இருந்தது. அதற்குப் பிறகு உங்களிடமிருந்து ஒரு கடிதமும் இல்லை. அதை வைத்துக் கணக்குப் போடக்கூடாது என்று பிடிவாதமாக இருந்துவிட்டேன்.

விதி முடிந்தது அக்கா. இனி எல்லாம் எழுதுங்கள்.

அன்புத் தம்பி
கௌதமன்

*

மல்லசமுத்திரம்
28 அக்டோபர் 2025

அன்புத் தம்பிக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. பக்கத்தில் யாராவது இருந்தால் இருக்கச் சொல்.

அப்பா ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி காலையில் தவறிவிட்டார். வீட்டில்தான். மூச்சு மெதுவாகி நின்றுவிட்டது, கஷ்டப்படவில்லை. நான் பக்கத்தில் இருந்தேன். உன் மாமா முந்தின நாள் வந்து சேர்ந்துவிட்டார். உன் இடத்தில் பெரியப்பா மகன் செல்லமுத்து அண்ணன் கொள்ளி வைத்தார். பங்காளிகள் எல்லோரும் வந்தார்கள். உனக்கு யாரும் சொல்லக்கூடாது என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டேன். என்ன பெண் இவள் என்று சிலர் பேசினார்கள். பேசட்டும்.

டயாலிசிஸ் போதும் என்று அவரேதான் சொன்னார். ரொம்பத் தளர்ந்துவிட்டிருந்தார். நானும் வற்புறுத்தவில்லை. நீ இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். கடைசி நாட்களில் வேண்டிய மட்டும் தண்ணீர் குடித்தார். நீ குழி போடப் போகிற விஷயத்தைப் படித்துக் காட்டினேன், சந்தோஷப்பட்டார். கேசிங் கேட்டது அவர்தான். நீ சொன்ன பதிலைத்தான் அவரும் சொன்னார்.

உன் மேல் அவருக்கு எந்த வருத்தமும் இல்லை. எனக்கும் இல்லை. நீ கேட்டதை நான் ஒப்புக்கொண்டேன், ஒப்புக்கொண்டபடி இருந்தேன், அவ்வளவுதான்.

உன் அறையில் தனியாக இருக்காதே. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

தென்துருவ ஆய்வு நிலையம்
3 நவம்பர் 2025

அக்கா,

உங்கள் கடிதம் படித்தேன். அன்று சாயங்காலமே வேலைக்குப் போனேன். அழுகை வரவில்லை. எல்லோரும் தோளைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். சூரியன் ஏறிவிட்டது, வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. போனை எடுத்தேன், வைத்துவிட்டேன்.

முதல் விமானத்தில் இடம் தருகிறோம் என்றார்கள். இப்போது எதற்கு என்று தெரியவில்லை. நீங்கள் வா என்றால் வருகிறேன்.

ஒன்றை மட்டும் கேட்கிறேன். மெஷினை நிறுத்தினால் இரண்டு வாரம் என்று டாக்டர் நம் இருவரிடமும் சொன்னார். ஆகஸ்ட் இருபத்தெட்டிலிருந்து பின்னால் எண்ணிப் பார்த்தேன். என் கடிதம் பத்தாம் தேதி. நவம்பரில் வரவில்லை என்று நான் எழுதியது அவருக்குத் தெரிந்த பிறகு நிறுத்தினாரா, அதற்கு முன்பே நிறுத்திவிட்டாரா? சமாதானம் வேண்டாம். தேதி மட்டும் எழுதுங்கள். எதுவாக இருந்தாலும் தாங்கிக்கொள்வேன்.

கௌதமன்

*

மல்லசமுத்திரம்
4 நவம்பர் 2025

அன்புத் தம்பிக்கு,

முன்பே.

ஆடிப்பெருக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தது. மறுநாள், ஆகஸ்ட் நாலாம் தேதி, திங்கட்கிழமை மெஷினுக்குப் போகவில்லை என்று சொல்லிவிட்டார். அதோடு நிறுத்தியாயிற்று. உன் கடிதம் வந்தபோது அது முடிந்துபோன விஷயம். டாக்டர் இரண்டு வாரம் என்றுதான் சொன்னார், இவர் மூன்று வாரத்துக்கு மேல் இருந்தார். அந்த டாக்டருக்கே ஆச்சரியம். பழைய ரிக் உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்றார். நவம்பர் என்ற பேச்சையே அப்பா எடுக்கவில்லை.

நீ கேட்ட தேதி இதுதான். இனி இதைக் கேட்காதே.

இருந்து வேலையை முடித்துவிட்டு பிப்ரவரியில் வா. பாப்பா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். அங்கே இப்போது வெளிச்சமாக இருக்கிறதா? தூக்கம் வருகிறதா? என்ன சாப்பிட்டாய் என்று எழுது.

உன் அக்கா
நர்மதா